பின்னோக்கி ஏறுகிறவன்

கொய்யாக் குச்சியின் பட்டையைக் கசிமிர் கத்தியால் உரிப்பதில்லை, உடைந்த பாட்டில் சில்லால் உரிக்கிறான். சில்லைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குச்சியைத்தான் இழுக்கிறான். பச்சைப் பட்டை சுருள் சுருளாக மடியில் விழுகிறது. கை பிடிக்கும் இடம் வந்ததும் அதைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறான். உறுத்தினால் மறுபடியும் சில்லு. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு குச்சிகள் தயாராக வேண்டும். செவ்வாய்க்கிழமை கப்பல் வரும்.

"பத்துப் பேர்தானே ஏறப் போறாங்க, எதுக்குப் பன்னிரண்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தர் காலைச் சுளுக்கிக்குவார். அவருக்கு ரெண்டாவது குச்சி. இன்னொருத்தர் கையில இருக்கிறதை ஆத்துல விட்டுடுவார். எந்த தேசத்துக் கப்பல் வந்தாலும் இது மாறாது நர்ஸம்மா."

யார் வருவார்கள் என்று தெரியாமலே உயரமும் வைக்கிறான். குட்டை மூன்று, நடுத்தரம் ஆறு, நெட்டை மூன்று. ஜெர்மானியர் வரும் கப்பலென்றால் நெட்டை ஐந்து.

கசிமிர் செலஸ்டினுக்கு வயது அறுபத்தொன்று. ஏழு வயதில் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு என் கையைக் கடித்தவன், அதனால் எனக்கு இன்னமும் "அவன்"தான். எங்கள் ஊரான ஃபோன் கனெலின் வழிகாட்டி. இருபத்திரண்டு வருஷமாகக் கப்பல் பயணிகளை லகார்த் குன்றுக்கு அழைத்துப் போகிறான். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. அதை விரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் தீவில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை. அவன் நனைவான், குடையும் நனையும், சுட்டிக்காட்ட மட்டும்தான் அது. "விரிச்சா பாதி மலை மறைஞ்சிடும்" என்பான்.

மலையில் அவன் பின்னோக்கி ஏறுகிறான். இதைப் பார்க்காதவர்கள் நம்புவதில்லை. குன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். மரப்பெரணித் தண்டுகளைச் சேற்றில் பதித்துச் செய்தவை. ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. வந்தவர்கள் குச்சியை ஊன்றிக் கீழே பார்த்துப் பார்த்து ஏற, கசிமிர் அவர்களைப் பார்த்தபடி, குதிகாலால் படியைத் தேடி, பேசிக்கொண்டே மேலே போவான்.

"முகத்தைப் பாக்காம கதை சொல்லக் கூடாது நர்ஸம்மா. முதுகைக் காட்டிக்கிட்டுச் சொன்னா யாரு நம்புவா?"

நம்புகிறார்களோ இல்லையோ, எனக்கு வேலை வைக்கிறான். மலையேறுகிற மற்றவர்களுக்குக் கட்டைவிரலில் அடிபடும், இவனுக்குக் குதிகாலில். போதாததற்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை உள்ளவன் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பதை முப்பத்தெட்டு வருஷ வேலையில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டு முன்னறையில் அவனுக்கென்றே ஒரு முக்காலியும் ஒரு பேசினும் இருக்கின்றன.

படி தொடங்குகிற இடத்தில் பழைய கரும்பாலையின் சுவர் நிற்கிறது. கல்லை விடச் சுவரில் வேர்தான் அதிகம். அங்கே கசிமிர் குடையால் உருளையைக் காட்டுவான். "கரும்பு இதுக்குள்ள போகும். ராத்திரி பகலா ஓடும். தூக்கக் கலக்கத்துல யாராவது கையை விட்டுட்டா உருளையை நிறுத்த முடியாது. அதனால பக்கத்துலயே ஒரு கோடாலி மாட்டியிருந்தாங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான். கூட்டத்தில் யாராவது ஒருவர் குனிந்து தன் கையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முதல் படியில் குதிகாலை வைப்பான்.

இருநூற்று நாற்பதாம் படியில் ஒரு வளைவு. அங்கே அவன் சொன்ன கதை, இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொல் மாறாமல், இது: "ஆலையிலேருந்து தப்பிச்சு ஓடின அடிமைங்க இந்தக் காட்டுலதான் இருந்தாங்க. என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் அவங்களோட காவல்காரர். சிப்பாய்ங்க வந்தா மேலேருந்து சங்கு ஊதுவார். அந்தச் சங்கு எங்க வீட்டுல இருக்கு. இதோ." தோள்பையிலிருந்து அதை எடுப்பான். கடலில் கிடைக்கும் பெரிய சங்கு, முனை அறுத்தது, உட்புறத்து ரோஜா நிறம் பழுப்பேறியது. உச்சியில் நின்று பதினோரு மணிக்கு அதை ஊதுவான்.

பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். எங்கள் ஊரில் மீன் வந்தால் கடற்கரையிலும் சங்குதான் ஊதுவார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒருமுறையாவது கசிமிரின் சங்கைக் கேட்டுப் பாத்திரத்தோடு தெருவுக்கு ஓடிவந்திருக்கிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஒருத்தி இன்னும் ஓடிவருகிறாள். "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் மீன் இருக்கும்ல" என்கிறாள்.

அவனுடைய அம்மா லியோந்தீனைக் கடைசி பதினான்கு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். மரியா புயலுக்கு முந்தின வருஷம் போய்ச்சேர்ந்தாள். நல்ல நோயாளி, சொன்னதைக் கேட்பாள். ரத்த அழுத்தம் மட்டும் கப்பல் வருகிற செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பதினோரு மணிக்கு ஏறும். மருந்தை மாற்றிப் பார்த்தேன், உப்பைக் குறைத்தேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சங்குச் சத்தம் கேட்டபோது அவள் தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்கு அவள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். "அவன் கேட்டா சொல்லு. கேக்காட்டி விட்டுடு" என்றாள். படுக்கையருகே காதில் விழுந்தது படுக்கையருகேயே இருக்க வேண்டும் என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கசிமிர் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தலைநகர் ரோசோவிலிருந்து டெலியா என்ற பெண் வந்தாள். பழைய ஆவணங்களைப் படிக்கிற வேலை அவளுக்கு. மலையடிவாரத்தில் ஒரு வரலாற்றுப் பலகை வைக்கப்போகிறார்கள், அதற்கு விவரம் சரிபார்க்க வந்தவள். நல்ல பெண்தான், ஆனால் கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டாள். மளிகையும் விற்கிற சாலையோர ரம் கடையில், பத்துப் பேருக்கு நடுவில்.

"இங்க செலஸ்டின் குடும்பம் யாருங்க?"

"நான்தான்" என்று கசிமிர் எழுந்து நின்றான். தொப்பியைக்கூடச் சரிசெய்துகொண்டான். நான் அரிசி வாங்க நின்றிருந்தேன், அதனால் பார்த்தேன்.

அவள் ஒரு நகலை மேஜையில் விரித்தாள். அந்தக் காலத்தில் ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களிலேயே சிலரைப் பொறுக்கி, காட்டுக்கு ஓடியவர்களைப் பிடித்துவர அனுப்பினார்கள். பிடித்துவந்தால் விடுதலை. அப்படிப் போனவர்களின் பட்டியல் அது. ஏழாவது பெயரை அவள் உரக்கவே படித்தாள்: "செலஸ்டின், தச்சன். காவல்காரனைப் பிடித்ததற்காக விடுவிக்கப்பட்டான்."

கடையில் எல்லோரும் கசிமிரைத் திரும்பிப் பார்த்தார்கள். டெலியாவுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், காகிதத்தை மடிக்கத் தொடங்கினாள். மூலையில் உட்கார்ந்திருந்த ஹெஸ்கெத் கிளாஸைக் கீழே வைத்தான்.

ஹெஸ்கெத் எதிர்க் குன்றுக்காரன். சேம்பு போடுகிறான். காட்டுக்கு ஓடியவர்களின் வம்சம் அவனுடையதுதான். சாலை போடும்வரை அவர்கள் கீழே இறங்கியதே இல்லை. அதை அவன் பேசி நான் கேட்டதில்லை. அவன் பேச்செல்லாம் கிழங்கு அழுகுவதைப் பற்றித்தான்.

"உங்க பாட்டன் இந்த மலையில ஓடினது நிஜம்தாம்ப்பா" என்றான் ஹெஸ்கெத். "என்ன, பின்னால ஓடியிருக்கார்."

கடையே சிரித்தது. கசிமிரும் சிரித்தான். "அதான் எனக்கும் பின்னாலயே நடக்க வருது போல" என்று பதிலும் சொன்னான். ஆனால் கிளாஸைப் பாதியில் விட்டு வெளியே போனான். குறை, குறை என்று நான் எத்தனையோ வருஷமாகச் சொல்லியும் குறையாத கிளாஸ்.

டெலியா அவன் பின்னாலேயே சாலைக்கு ஓடினாள். "பலகையில உங்க பேர் வரணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. வேண்டாம்னா எடுத்துடறேன். யாரும் கேக்க மாட்டாங்க. செவ்வாய்க்கிழமை நானும் மேல வரேன், அன்னைக்குச் சொன்னாப் போதும்."

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவன் என் வீட்டுக்கு வந்தான். ஒரு பூட்ஸ் காலில், இன்னொன்று கையில். குதிகாலில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழிந்திருந்தது. முக்காலியில் உட்கார வைத்துப் பேசினில் வெந்நீர் ஊற்றினேன்.

"எந்தப் படி?"

"இருநூத்தி நாப்பது."

"அது உனக்குத் தூக்கத்துல கூடத் தெரிஞ்ச படியாச்சே."

"தெரிஞ்ச கதையைச் சொல்லும்போது தெரிஞ்ச படி. நேத்து வேற மாதிரி சொல்லிப் பாத்தேன்."

"ஞாயித்துக்கிழமை யார் வந்தா?"

"யாரும் வரல. பெரணிங்ககிட்டதான் சொன்னேன்."

ஆளில்லாத மலையிலும் பின்னோக்கித்தான் ஏறியிருக்கிறான். மண்ணை எடுத்தேன், கழுவினேன், துடைத்தேன். வலிக்கவில்லை என்றான். அது நல்ல சேதியில்லை, சர்க்கரைக்காரன் காலில் வலி இருந்தால்தான் நல்லது. ஊசியால் தொட்டுப் பார்த்தேன், காலை இழுத்தான். சரி, உயிர் இருக்கிறது.

"நர்ஸம்மா, அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

முதலில் கட்டைப் போட்டு முடித்தேன். பாதியில் சொன்னால் எழுந்துவிடுவான், கட்டு நழுவும். முடிச்சுப் போட்ட பிறகு சொன்னேன்.

"சொன்னா. உங்க மூத்தவர் மழை நாள்ல மேல போயிருக்கார். காவல்காரன் காய்ச்சல்ல கிடந்திருக்கான். முதல்ல அவன் கையில இருந்த சங்கை எடுத்திருக்கார், அப்புறம்தான் மத்தவங்களைக் கூப்பிட்டிருக்கார். அதனால மேல இருந்தவங்களுக்குச் சத்தம் போகல. விடுதலைக் காகிதத்தோட அந்தச் சங்கையும் வெச்சுக்கிட்டார். ஆனா கடைசிவரைக்கும் அதை ஊதல. வாயைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டி வெச்சிருந்தார். அப்படித்தான் உங்கம்மா கைக்கு வந்துது."

அவன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுவர் பக்கம்தான் இருந்துது. நான்தான் திருப்பினேன்" என்றான். பிறகு தலையை நிமிர்த்தி, "தெரிஞ்சும் ஏன் என்னை ஊத விட்டாங்க?"

"நீ சந்தோஷமா இருந்தே."

"நீங்க? எத்தனை வருஷம்? வாரம் ரெண்டு தரம் இந்த வாசல் வழியா சங்கை எடுத்துட்டுப் போறேன். ஒரு வார்த்தை சொல்லலியே."

"வாரம் ரெண்டு தரம் ரம்மை விடுன்னுகூடத்தான் சொன்னேன். கேட்டியா?"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தான், முடியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பேர் வேணாம்னு டெலியாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாம் பழையபடி ஓடும்."

"ஓடும்."

"ஹெஸ்கெத் இன்னும் பத்து நாளைக்குக் கிண்டல் பண்ணுவான். அப்புறம் அவன் சேம்பு அழுகிடும், அதைப் பேச ஆரம்பிச்சிடுவான்."

"ஆமா."

"சங்கு?"

"அது உன் வீட்டுச் சுவர்ல இருக்கு கசிமிர், என் வீட்டுல இல்ல. நாளைக்குப் படி ஏறாதே. கட்டு ஈரமாகக் கூடாது."

"நாளைக்குக் கப்பல்" என்றான். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் சீவாத குச்சிகளைச் சீவக் கிளம்பினான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் கொக்கோ காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே அவனைப் பார்த்தேன். ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான், எதிர்க் குன்றுக்குப் போகிற வழி அது. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் துண்டில் சுற்றிய மூட்டை. முக்கால் மணி கழித்துக் குடையோடு மட்டும் திரும்பினான். துண்டு தோளில் கிடந்தது.

"உள்ளே வா, கட்டைக் காட்டு" என்றேன். காலை நீட்டினான். காய்ந்துதான் இருந்தது. ஓடையைச் செருப்பு நனையாமல் தாண்டியிருக்கிறான்.

"ஹெஸ்கெத் என்ன சொன்னான்?"

"'கழுவினியா'ன்னு கேட்டான். 'இருபத்திரண்டு வருஷமா நீ எச்சில் பண்ணினது'ன்னான்."

"கழுவினியா?"

"ரம்மால."

"ஊதறேன்னானா?"

"'எனக்குச் சேம்பு பிடுங்கணும்'ன்னான். உள்ள எடுத்துட்டுப் போயிட்டான். போன பிறகு கதவைச் சாத்தல, அவ்வளவுதான்."

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. பத்துப் பேர், டெலியாவோடு பதினொன்று. நானும் போனேன். கட்டை யார் பார்ப்பது? எழுபத்துநாலு வயதில் அந்தப் படிகள் எனக்குத் தேவையே இல்லை. சுவரில் சாய்த்து வைத்த குச்சிகளை எண்ணினேன், பதினான்கு இருந்தன. எல்லாவற்றிலும் குட்டையானதை எடுத்து என்னிடம் நீட்டினான். அளவு சரியாக இருந்தது.

ஆலையில் உருளையைக் காட்டினான், கோடாலியைச் சொன்னான். ஒரு நெட்டை மனிதர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கசிமிர் குதிகாலை முதல் படியில் வைத்தான். நான் முறைத்தேன். அவன் கண்டுகொள்ளவில்லை. கட்டுப் போட்ட காலை மட்டும் கொஞ்சம் அகட்டி வைத்து, எல்லோர் முகத்தையும் பார்த்தபடி, பின்னோக்கியே ஏறினான். வழியில் ஒருவர் குச்சியை ஆற்றில் விட்டார்.

இருநூற்று நாற்பதாம் படியில் நின்றான். இரண்டு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டான்.

"என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் இங்கதான் நின்னார்" என்றான். "அவர் கையில கயிறு இருந்துது."

மீதியையும் சொன்னான். மழை, காய்ச்சல், சங்கு, காகிதம். சின்னக் குரலில், ஒன்றையும் விடாமல். வந்தவர்களில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்மணி ஒருத்தி, கோபமா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு, "இதை எதுக்கு எங்ககிட்ட சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கீங்களே" என்றான். பிறகு டெலியா பக்கம் திரும்பி, "ஏழாவது பேரைப் போட்டுடுங்க. தச்சன்னும் சேத்துப் போடுங்க. வேலையை விட்டுடாதீங்க."

உச்சிக்குப் போனபோது பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேகம் எதிர்க் குன்றைப் பாதி மூடியிருந்தது. வழக்கமாகக் கசிமிர் தோள்பையைத் திறக்கிற நேரம். கை பைக்குப் போனது, திரும்பி வந்தது. கப்பலில் யாரிடமோ கேள்விப்பட்டு வந்த நெட்டை மனிதர், "இங்கே ஏதோ ஊதுவீங்களாமே?" என்றார்.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

கசிமிர் குடையால் மேகத்தைக் காட்டினான். அங்கே ஒன்றும் தெரியவில்லை. பதினோரு மணி ஆனது. இன்னும் இரண்டு நிமிஷம் போனது. ஆட்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள், படம் எடுத்தார்கள். டெலியா என் அருகில் வந்து உட்கார்ந்தாள். கசிமிர் எல்லோர் முகத்தையும் பார்த்தபடி, சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

முதலில் வந்தது சளி பிடித்த மாட்டின் குரல். பாதியில் அறுந்தது. யாரோ சிரித்தார்கள். மறுபடியும் ஒன்று, அதுவும் உடைந்தது. மூன்றாவது முறை, எதிர்க் குன்றின் மேகத்துக்குள்ளிருந்து, சங்கு நேராக எழுந்து பள்ளத்தாக்கைத் தாண்டி எங்கள் மேல் வந்தது. நீளமாக, விடாமல். கீழே ஊரில் ஒரு பெண் பாத்திரத்தோடு தெருவுக்கு ஓடிவருவது புள்ளியாகத் தெரிந்தது.

கசிமிர் திரும்பினான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பியைக் கழற்றினான்.